ஆண்ட்ராய்டு திறமூலம்தானே, அப்புறம் கூகுளுக்கு ஏது இவ்வளவு பிடி?

2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை நிறுவ வேண்டுமென்றால், அதை எழுதியவர் தன் பெயர், முகவரி, அடையாளச் சான்று எல்லாவற்றையும் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் இந்த விதி ஏற்கெனவே உண்டு. புதிது என்னவென்றால், ஒரு வலைத்தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளும் ஏபிகே கோப்புக்கும், அதாவது செயலியை நிறுவும் கோப்புக்கும், இனி இதே விதி. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாகும் என்பது திட்டம்.

இதைப் படித்த பலருக்கும் வந்த குழப்பம் நியாயமானது. ஆண்ட்ராய்டு திறமூல மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார்கள்? போன் நான் காசு கொடுத்து வாங்கியது. செயலி என் நண்பர் எழுதியது. நடுவில் கூகுள் எங்கிருந்து வந்தது?

விடை அந்த அறிவிப்பிலேயே ஒரு சொல்லில் இருக்கிறது. விதி எல்லா ஆண்ட்ராய்டு சாதனங்களுக்கும் இல்லை, 'சான்றளிக்கப்பட்ட' ஆண்ட்ராய்டு சாதனங்களுக்கு மட்டும். யார் தரும் சான்று, எதற்காக வாங்குகிறார்கள், வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நடக்கும் வழக்குகளும் கூடவே புரிந்துவிடும்.

ஒரே பெயரில் மூன்று சரக்கு

நாம் 'ஆண்ட்ராய்டு' என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு பொருள்.

1. மூலநிரல். திரையை வரைவது, அழைப்பை எடுப்பது, கோப்புகளைச் சேமிப்பது, செயலிகளை ஓட்டுவது ஆகியவற்றைச் செய்யும் இயங்குதளம். அடியில் லினக்ஸ் கரு, மேலே பெரும்பாலும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரல். இதை யாரும் இறக்கலாம், மாற்றலாம், மாற்றியதை விற்கலாம். யாருக்கும் பைசா தர வேண்டாம், அனுமதியும் கேட்க வேண்டாம்.

2. கூகுளின் செயலித் தொகுப்பு. பிளே ஸ்டோர், ஜிமெயில், யூடியூப், மேப்ஸ், குரோம், இவற்றோடு ஐகானே இல்லாமல் பின்னணியில் ஓடும் 'பிளே சர்வீசஸ்'. இவை மூடிய மென்பொருள்கள். போனில் ஏற்றி விற்கக் கூகுளோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும்.

3. பெயரும் சான்றும். 'ஆண்ட்ராய்டு' கூகுளின் வணிகச் சின்னம். செயலிகள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்கும் பொருத்தச் சோதனைகளில் ஒரு போன் தேறினால்தான் கூகுளின் சான்று. சான்று இருந்தால்தான் இரண்டாவது சரக்கு.

திறமூலம் என்று சொல்வது முதல் சரக்கை மட்டும். கிணறு ஊர்ப் பொது, ஆனால் வாளியும் கயிறும் ஒரு வீட்டில் இருக்கிறது என்ற நிலைமைதான் இது. அந்த முதல் சரக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நிரலை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அது ஊர் கூடி எழுதுவது என்று பொருளில்லை. 2025 மார்ச் மாதக் கடைசியிலிருந்து ஆண்ட்ராய்டு உருவாக்கம் முழுக்கக் கூகுளின் உள் களஞ்சியத்தில்தான் நடக்கிறது. வேலை முடிந்த பதிப்பு வெளியே வரும்போது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஏன் இலவசமாகக் கொடுத்தார்கள்?

ஆண்ட்ராய்டு 2003இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம். 2005இல் கூகுள் அதை வாங்கியது. 2007 ஜனவரியில் ஆப்பிள் ஐபோனை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் தன்னையும் சேர்த்து 34 நிறுவனங்கள் கொண்ட ஒரு கூட்டணியை அறிவித்தது. 2008 இறுதியில் முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தது.

அப்போது நோக்கியாவிடம் சிம்பியன் என்ற இயங்குதளம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் மொபைலுக்குப் போன் ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தையில் இயங்குதளத்தைச் சும்மா தருவதற்குக் கூகுளுக்கு ஒரு காரணம் இருந்தது. அதன் வருமானம் தேடல் விளம்பரத்தில். மக்கள் கணினியை விட்டுப் போனுக்கு மாறும்போது, அந்தப் போனின் வாசலில் வேறொருவர் நின்றால், தேடல் பெட்டிக்கு இடம் கேட்டு அவரிடம் வாடகை கட்ட வேண்டிவரும்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஐபோனின் சஃபாரி உலாவியில் கூகுள் தேடலை இயல்பிருப்பாக (டிஃபால்ட்டாக) வைத்திருக்க, 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் போயிருக்கிறது என்பது அமெரிக்க அரசு தொடுத்த தேடல் வழக்கின் ஆவணங்களில் வெளிவந்தது. ஆண்ட்ராய்டு என்பது இந்த வாடகையைக் குறைக்க, தன் செலவில் கட்டிய சொந்த வீடு. கட்டியவருக்கு வாசல் தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நிரலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வாசலை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது சரக்குகள் அதற்குத்தான்.

ஐகான் இல்லாத அந்த மென்பொருள்

பிளே ஸ்டோர் எல்லோருக்கும் தெரியும். பிளே சர்வீசஸ் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, 'போனில் இடத்தை அடைக்கிறது' என்று செட்டிங்ஸில் பார்த்து எரிச்சல்பட்டவர்களைத் தவிர. ஆனால் பிடி உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

சாப்பாடு வரவழைக்கும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். திறந்ததும் 'கூகுள் கணக்கு மூலம் நுழைக' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வேலை செய்வது பிளே சர்வீசஸ். நீங்கள் நிற்கும் தெருவைக் கண்டுபிடிப்பது ஜிபிஎஸ், வைஃபை, செல் கோபுரம் மூன்றையும் கலந்து இடம் சொல்லும் நிரல். அதுவும் பிளே சர்வீசஸில்தான். பிரியாணியோடு வரும் வண்டி ஊர்ந்து வரும் வரைபடம், கூகுள் மேப்ஸ். 'டெலிவரி செய்பவர் வாசலில் நிற்கிறார்' என்று போன் சிணுங்குகிறதே, அதைக் கொண்டுவருவதும் கூகுளின் தகவல் சேவையகம். பணம் கட்டும் இடத்தில், இந்தப் போன் யாரும் கைவைக்காத அசல் போன்தானா என்று சோதிப்பது 'பிளே இன்டெக்ரிட்டி'.

இந்தச் செயலியை எழுதிய டெவலப்பர் கூகுளுக்கு ஆதரவாக எதுவும் செய்யவில்லை. தயாராக, இலவசமாக, நன்றாக வேலை செய்யும் நிரல் தொகுப்பு கிடைத்தது, பயன்படுத்தினார். இப்போது அதே ஏபிகேயைப் பிளே சர்வீசஸ் இல்லாத ஒரு போனில் ஏற்றிப் பாருங்கள். செயலி திறக்கும். வரைபடம் வர வேண்டிய இடம் வெறும் கட்டமாக நிற்கும். நுழைவுப் பொத்தான் பிழை காட்டும். சாப்பாடு ஆறிய பிறகும் நோட்டிஃபிகேஷன் வராது.

நோட்டிஃபிகேஷன் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு செயலியும் 'எனக்கு ஏதாவது செய்தி உண்டா' என்று தன் சேவையகத்தோடு தனித்தனி இணைப்பை வைத்திருந்தால், பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் போன் முழுமைக்கும் கூகுளோடு ஒரே ஓர் இணைப்பு. எல்லாச் செயலிகளின் செய்தியும் அதன் வழியாகவே வரும். பொறியியல் நோக்கில் மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் அந்த ஒற்றைக் குழாய் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பிளே சர்வீசஸ் இல்லாத சீனச் சந்தையில் ஹூவாவே, ஷாவ்மி, ஓப்போ என்று ஒவ்வொருவரும் தனித்தனிக் குழாய் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு செயலி எழுதுபவர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டும்.

2012இல் பிளே சர்வீசஸ் வந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பைப் போன் நிறுவனங்கள் பழைய போன்களுக்குத் தருவதே அரிது. இயங்குதளத்தைத் தொடாமல் புதிய வசதிகளையும் பாதுகாப்பையும் நேரடியாகப் போனுக்கு அனுப்ப இது ஒரு நல்ல வழி. பயனாளருக்கு லாபம், டெவலப்பருக்கு நிம்மதி, கூடவே கூகுளுக்குப் பிடி. மூன்றும் ஒரே முடிச்சில் இருப்பதால்தான் இந்த விவகாரத்தில் நல்லவர் கெட்டவர் பிரிப்பது கடினம்.

ஒப்பந்தங்கள் எப்படிக் கட்டின?

ஐரோப்பிய ஆணையம் 2018இல் அலசிய ஒப்பந்தங்களைச் சுருக்கினால் இப்படி வரும்.

1. பிளே ஸ்டோர் வேண்டுமா? கூகுள் தேடல் செயலியையும் குரோமையும் சேர்த்தே ஏற்ற வேண்டும்.

2. ஒரு மாடலில் கூகுள் செயலிகளை ஏற்றும் நிறுவனம், தன் வேறெந்த மாடலிலும் கூகுள் ஒப்புக்கொள்ளாத ஆண்ட்ராய்டுக் கிளையை, அதாவது மூலநிரலை எடுத்து மாற்றிய தனிப் பதிப்பை, ஏற்றி விற்கக்கூடாது. ஒரு போன்கூட.

3. தேடலில் கூகுளை மட்டும் வைத்துக்கொண்டால் விளம்பர வருமானத்தில் பங்கு.

இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. மூலநிரல் உங்களுக்குச் சட்டப்படி சொந்தம்போல. ஆனால் அதைச் சுதந்திரமாகப் பயன்படுத்திய அன்றே மற்ற எல்லாப் போன்களுக்கும் பிளே ஸ்டோர் போகும். 2012 செப்டம்பரில் ஏசர் நிறுவனம் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் ஒரு போனை ஷாங்காயில் வெளியிட இருந்தது. கூகுள் எதிர்த்தது, வெளியீடு கடைசி நேரத்தில் ரத்தானது. அலியுன் என்பது ஆண்ட்ராய்டின் பொருத்தமில்லாத கிளை, கூட்டணியில் இருப்பவர் அதை விற்க முடியாது என்பது கூகுளின் வாதம். அலிபாபா அதை மறுத்தது.

அதற்கும் முன்னால் ஸ்கைஹூக் கதை. போனின் இடத்தைக் கண்டறியும் தொழில்நுட்பம் விற்ற சிறு நிறுவனம் அது. மோட்டோரோலா அதைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது, கூகுள் 'பொருத்தம்' பற்றிக் கேள்வி எழுப்பியது, ஒப்பந்தம் போயிற்று. ஸ்கைஹூக் 2010இல் வழக்குப் போட்டது. அந்த வழக்கில் வெளிவந்த ஓர் உள் மின்னஞ்சலில் கூகுள் ஊழியர் ஒருவர், பொருத்தச் சோதனையை நாம் தடியாக ஓங்குகிறோம் என்பது போன் நிறுவனங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். வழக்கு 2015இல் 9 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

கூகுள் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. பட்டன் போன் காலத்து ஜாவா விளையாட்டுகளை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே விளையாட்டை ஒவ்வொரு போன் மாடலுக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டி வெளியிடுவார்கள். பொருத்தச் சோதனை இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டும் அப்படி நூறு துண்டாகச் சிதறியிருக்கும். அளவுகோல் தேவைதான். அளவுகோலை வைத்திருப்பவரும் அதே கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறார் என்பதுதான் உறுத்தல்.

வெளியே போய்ப் பார்த்தவர்கள்

மூன்று பெரிய முயற்சிகள்.

அமேசான் தன் சொந்தக் கிளையில் 2011இல் டேப்லெட் கொண்டுவந்தது. மலிவு, புத்தகம், வீடியோ என்று அது தாக்குப்பிடித்தது. 2014இல் அதே வழியில் போன் கொண்டுவந்தபோது கூகுள் மேப்ஸும் யூடியூப் செயலியும் இல்லாத போனை யாரும் தொடவில்லை. அமேசான் அந்தக் கணக்கில் 17 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது.

நோக்கியா 2014 பிப்ரவரியில் பார்சலோனாவில் 'நோக்கியா எக்ஸ்' காட்டியது. உள்ளே ஆண்ட்ராய்டு நிரல், மேலே மைக்ரோசாஃப்டின் சேவைகள். பிளே ஸ்டோர் கிடையாது. நோக்கியாவின் போன் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த வரிசையை மூடுவதாக அறிவித்தது. விண்டோஸ் போனும் செயலிகள் கிடைக்காமலேயே பின்னர் மங்கிப்போனது. இந்தத் தோல்வியின் ஒரு முனை நம் ஊரில் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை வரிப் பிரச்சினையால் மைக்ரோசாஃப்ட் விற்பனையில் சேராமல் தனியே நின்றது. மைக்ரோசாஃப்டின் ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. இயங்குதளப் போட்டி என்று நாம் திரையில் படிப்பது ஆயிரக்கணக்கான வீடுகளில் சம்பளமாக இருந்தது.

மூன்றாவது ஹூவாவே. 2019 மே மாதம் அமெரிக்க அரசு அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. மூன்று சரக்கு என்று சொன்னேனே, அதற்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடையாது. தடையால் கூகுள் அதனோடு வணிகம் செய்ய முடியாது, எனவே செயலித் தொகுப்பு இல்லை. ஆனால் மூலநிரல் திறமூலம், அதை யாரும் தடுக்க முடியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த மேட் 30 போனில் ஆண்ட்ராய்டு நிரல் இருந்தது, கூகுள் இல்லை. சீனாவில் கூகுள் முன்பும் இல்லாததால் அங்கே பாதிப்பில்லை. வெளிநாட்டு விற்பனை சரிந்தது. அடுத்த ஆண்டு வந்த சிப் தடையும் சேர்ந்துகொண்டது. ஹூவாவே தன் சொந்தச் சேவைத் தொகுப்பைக் கட்டி, 2024இல் ஹார்மனி என்ற தன் இயங்குதளத்தில் ஆண்ட்ராய்டு நிரலையே விட்டொழித்த பதிப்பு வரை போய்விட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமும் பிரம்மாண்டமான உள்நாட்டுச் சந்தையும் இருந்ததால் முடிந்தது.

நீதிமன்றங்கள் தொட்டதும் தொடாததும்

ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022இல் அங்குள்ள பொது நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தாலும் குற்றத்தைப் பெருமளவு உறுதிசெய்தது. அமெரிக்காவில் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் பிளே ஸ்டோரின் கட்டுப்பாடுகளை எதிர்த்து 2020 ஆகஸ்டில் தொடுத்த வழக்கில், 2023 டிசம்பரில் ஜூரி கூகுளுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு உத்தரவுகள் போட்டது. ஆண்ட்ராய்டு ஒப்பந்தங்களுக்காக 1,337.76 கோடி ரூபாய், பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக 936.44 கோடி ரூபாய். முதல் உத்தரவுக்குப் பிறகுதான் இந்தியப் போன்களில் இயல்பிருப்புத் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை, போன் நிறுவனங்கள் கூகுள் செயலிகளுக்குத் தனித்தனியாக உரிமம் வாங்கும் வசதி எல்லாம் வந்தன. இரண்டாவது அபராதம் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 216.69 கோடியாகக் குறைந்தது.

எல்லோரும் அபராதத் தொகையைப் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2023 மார்ச்சில் அதே தீர்ப்பாயம் முதல் அபராதத்தை உறுதிசெய்தபோது, ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை ரத்து செய்தது. பிளே சர்வீசஸ் வசதிகளை மறுத்துப் பிறரை ஒடுக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவுவதைக் கட்டுப்படுத்தக்கூடாது என்பது இன்னொன்று. இப்போது வந்திருக்கும் அறிவிப்பு தொடுவது சரியாக அந்த இடத்தை.

கட்டணச் சண்டையையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செயலிக்குள் 1,000 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் சேவை விற்றால், கூகுளின் கமிஷன் 15 சதவீதமோ 30 சதவீதமோ. அதாவது 150 அல்லது 300 ரூபாய். வேறு கட்டண முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தபின் அதில் 4 சதவீதப் புள்ளிகள் குறையும், 110 அல்லது 260 ரூபாய். பணம் கூகுள் வழியே போகாதபோதும் இதைக் கட்ட வேண்டும். கடையும் பாதுகாப்பும் எங்களுடையது, அதற்கான கூலி இது, இந்திய டெவலப்பர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் கட்டணமே வருகிறது என்பது கூகுளின் பதில்.

சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தக் கட்டணத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயும் நிவாரணம் கிடைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தர மறுத்தது. மார்ச் 1 அன்று பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி எல்லாம் தேடினால் இல்லை. மத்திய அமைச்சர் தலையிட்டுச் சில நாட்களில் திரும்ப வந்தன. வலைத்தளத்தில் ஏபிகே வைத்து நேரடியாகக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். சட்டப்படி தடையில்லை. ஆனால் மகளுக்கு வரன் தேடும் ஓர் அப்பாவை 'செட்டிங்ஸ் போங்க, தெரியாத செயலிகளை நிறுவ அனுமதி கொடுங்க, இப்ப ஒரு எச்சரிக்கை வரும், அதைத் தாண்டுங்க' என்று கூட்டிப்போவதற்குள் அவர் பயந்து போனை வைத்துவிடுவார்.

திரும்பவும் அந்த அறிவிப்புக்கு

அவர் பயப்படுவதிலும் தப்பில்லை. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் இங்கே உண்டு. இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில் பிளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கு மேல் தீநிரல் (மால்வேர்) இருப்பதாகக் கூகுள் சொல்கிறது. எழுதியவர் யாரென்று பதிந்திருந்தால், பிடிபட்ட திருடன் மறுநாளே வேறு பெயரில் வர முடியாது என்பது வாதம்.

எதிர்ப்பவர்களில் முன்னணியில் இருப்பது எஃப்-டிராய்டு. தன்னார்வலர்கள் எழுதிய திறமூலச் செயலிகளைத் தரும் களஞ்சியம் அது. அதில் எழுதும் பலரும் அடையாளம் காட்ட விரும்பாதவர்கள், அல்லது வேறொருவரின் நிரலைத் தொகுத்துத் தருபவர்கள். ஒடுக்கும் அரசு உள்ள நாட்டில் செய்திச் செயலி எழுதுபவர் தன் அடையாள அட்டையை ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் எப்படிக் கொடுப்பார்? எதிர்ப்பு வலுத்தபின் 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கிவந்தது. விவரம் தெரிந்த பயனாளர்கள், ஆபத்தை ஏற்றுக்கொண்டு பதியாத செயலியையும் நிறுவ ஒரு தனிவழி வைப்பதாகச் சொன்னது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் குறைந்த எண்ணிக்கையிலான சாதனங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு.

என் கருத்தைக் கேட்டால், அடையாளம் கேட்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவர், மாற்றுக் கடைகளோடு போட்டியில் இருக்கும் அதே கடைக்காரர் என்பதுதான் பிரச்சினை. அமெரிக்க நீதிமன்றங்கள் வேறு செயலிக் கடைகளுக்கு வழிவிடச் சொல்லும் அதே காலத்தில், அந்தக் கடைகளில் சரக்கு வைப்பவர்களின் பட்டியலும் கூகுளிடமே வந்துசேர்கிறது.

சரி, சான்றே இல்லாத ஆண்ட்ராய்டுக்குப் போய்விட்டால்? முடியும். பழைய போனில் மூலநிரலிலிருந்து உருவான லீனியேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றலாம், பிளே சர்வீசஸின் இடத்தில் மைக்ரோஜி என்ற திறமூல மாற்றை வைக்கலாம். அந்தப் பதிவு விதி அங்கே எட்டாது, விரும்பிய ஏபிகேயை விரும்பியபடி நிறுவலாம். அப்புறம் ஒருநாள் கரன்ட் பில் கட்ட வங்கிச் செயலியைத் திறப்பீர்கள். அது பிளே இன்டெக்ரிட்டியிடம் கேட்கும், இந்தச் சாதனம் சான்று பெற்றதா என்று. பதில் 'இல்லை' என்று வந்தால், பல வங்கிச் செயலிகள் அந்தத் திரையோடு நின்றுவிடும்.